பழைய விண்வெளிச் சுடும் ஆட்டத்தின் நிரல்: அறிகுறியிலிருந்து பிழைக்கு

1990களின் நடுவிலிருந்து 2005 வாக்கில் சி அல்லது சி++ மொழியில் எழுதப்பட்டு, பிறகு மூலநிரல் திறந்துவிடப்பட்ட விண்வெளிச் சுடும் ஆட்டம் ஒன்றைப் பராமரிக்க எடுத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உங்களிடம் இருப்பது டாஸ் காலத்து நிரலாக இருக்கலாம், எஸ்டிஎல் (திரை, ஒலி, விசைப்பலகையைக் கையாளும் நூலகம்) 1.2 காலத்து நிரலாக இருக்கலாம். அறிகுறிகள் பெரும்பாலும் ஒன்றுதான்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "ஆட்டம் ரொம்பக் கடினம்", "அந்த ஆயுதம் உதவாது" என்று வரும் புகார்களைச் சமநிலைக் கோளாறு (ஆயுதங்களும் எதிரிகளும் ஒன்றுக்கொன்று ஈடாக இல்லாத குறை) என்று நினைத்து உடனே எண்களை மாற்றப் போகாதீர்கள். அவற்றில் பலவற்றின் பின்னால் சாதாரணமான பிழை ஒன்று ஒளிந்திருக்கும். இதற்கு மறுபக்கமும் உண்டு. பத்து, இருபது ஆண்டுகளாக இருந்துவரும் பிழை ஆட்டத்தின் விதியாகவே ஆகியிருக்கும்; அதை நீக்கினால் அதைச் சுற்றி அமைந்த எண்கள் எல்லாம் தடம் மாறும். அதனால் முதலில் கடிகாரம், அடுத்து நினைவகம், கடைசியில்தான் எண்கள் என்ற வரிசையை விடாதீர்கள்.

எதையும் தொடுவதற்கு முன், பழைய ஆட்டத்தை அதன் காலத்துச் சூழலில் ஒருமுறை ஓடவிடுங்கள். டாஸ் ஆட்டமானால், இன்றைய கணினிக்குள் டாஸ் சூழலை உருவாக்கித் தரும் டாஸ்பாக்ஸ் போதும். மற்றவற்றுக்கு மெய்நிகர் கணினியில் பழைய இயங்குதளம் ஒன்றை நிறுவிக்கொள்ளுங்கள். குண்டு திரையின் அடியிலிருந்து உச்சிக்குப் போக எவ்வளவு நேரம், முதல் பாஸ் (லெவல் முடிவில் வரும் பெரிய எதிரி) எத்தனை நொடியில் வீழ்கிறது, முதல் லெவலில் எத்தனை பவர்-அப் (கப்பலின் பலத்தைக் கூட்டும் பொருள்) விழுகின்றன என்று அளந்து எழுதிவையுங்கள். இந்தக் குறிப்பு இல்லாமல் "முன்பு எப்படி இருந்தது" என்ற வாதத்துக்கு முடிவே வராது.

அறிகுறி: கம்பைல் ஆகவே மறுக்கிறது

ஒரே மாறி பல இடங்களில் வரையறுக்கப்பட்டிருப்பதாக லிங்கர் (கம்பைல் ஆன துண்டுகளை இணைக்கும் கருவி) கத்தினால், தலைப்புக் கோப்பில் எக்ஸ்டர்ன் (மாறி வேறிடத்தில் வரையறுக்கப்பட்டது என்று சொல்லும் சொல்) இல்லாமல் உலகளாவிய மாறிகளை எழுதியிருக்கிறார்கள். ஜிசிசி கம்பைலரின் 10ஆம் பதிப்பு வரும்வரை அது இதைப் பொறுத்துக்கொண்டது. அறிவிக்காத சார்பை அழைப்பதாகப் பிழை வந்தால் அது ஜிசிசி 14இன் கண்டிப்பு. அதற்கு முன் வெறும் எச்சரிக்கையாக இருந்தது. பூல் (உண்மை அல்லது பொய் என்ற மதிப்பு) என்ற பெயரில் தாங்களே ஒரு வகையை வரையறுத்துக்கொண்ட சி நிரல்கள் ஜிசிசி 15இல் உடையும். அங்கே சி மொழியின் புதிய தரமான சி23 இயல்புநிலையாகிவிட்டது, பூல் மொழியின் சொந்தச் சொல்லாகிவிட்டது. சி++ பக்கம் ஆட்டோ-பாயின்டரும் (நினைவகத்தைத் தானே விடுவிக்கும் சுட்டி) ரெஜிஸ்டர் என்ற சொல்லும் சி++17இல் நீக்கப்பட்டவை.

பழைய தரத்தையே கேட்கும் ஃபிளாக்கைக் கொடுத்து முதலில் ஓடவைத்துவிடுங்கள். பிறகு ஒரு வகைப் பிழைக்கு ஒரு கமிட் (கிட்டில் பதியும் மாற்றம்) என்று திருத்துங்கள். இந்தக் கட்டத்தில் நிரலை அழகுபடுத்த வேண்டாம். இடைவெளிகளையும் அடைப்புகளையும் மாற்றிய கமிட்டுக்குள் உண்மையான மாற்றம் ஒன்று கலந்துவிட்டால், பின்னால், பிழை நுழைந்த கமிட்டைப் பாதி பாதியாகக் குறுக்கித் தேடும் கிட் பைசெக்ட் வைத்துத் தேடும்போது அந்தப் பெரிய கமிட்டிலேயே வந்து முட்டிக்கொண்டு நிற்பீர்கள்.

அறிகுறி: சில கணினிகளில் ஆட்டம் தலைதெறிக்க ஓடுகிறது

இதுதான் தாய்ப் பிழை. மற்றவற்றில் பாதி இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

பழைய ஆட்டங்களில் ஒரு ஃபிரேம் (திரையில் காட்டும் ஒரு படம்) வரைவதும் ஒரு அடி நகர்வதும் ஒன்றே. 1978இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸில் எதிரிகள் குறையக் குறைய மிச்சமிருப்பவர்கள் வேகமெடுப்பார்கள். ஃபிரேமுக்கு ஒரு எதிரி மட்டுமே நகர்த்தி வரையப்பட்டதால் வந்த விளைவு அது. அங்கே அது ஆட்டத்துக்கே உயிராயிற்று. உங்கள் கையில் இருக்கும் நிரலோ 60 ஹெர்ட்ஸ் திரையையோ, டாஸின் 320க்கு 200 முறையில் வரும் 70 ஹெர்ட்ஸையோ நம்பி எழுதப்பட்டது. 144 ஹெர்ட்ஸ் திரையில் அது இரண்டு மடங்குக்கும் மேலான வேகத்தில் பறக்கும்.

உறுதிசெய்ய எளிய வழி: செங்குத்து ஒத்திசைவை (ஃபிரேம்களைத் திரையின் வேகத்தோடு பிணைக்கும் அமைப்பை) நிறுத்திவிட்டு ஓட்டுங்கள். வேகம் மாறினால் நோய் இதுவே.

எல்லா நகர்வையும் கடந்த நேரத்தால் பெருக்கிவிடலாம் என்றுதான் முதலில் தோன்றும். பழைய நிரலில் அதைச் செய்யாதீர்கள். நேர்கோட்டில் போகும் குண்டுக்கு அது பொருந்தும், மற்றதெல்லாம் கெடும். எடுத்துக்காட்டாக, ஃபிரேமுக்கு ஒருமுறை வேகத்தை 0.95ஆல் பெருக்கும் வரி எங்காவது இருக்கும். 60 ஃபிரேமில் ஒரு நொடி முடிவில் 4.6 சதவீத வேகம் மிஞ்சும். 144 ஃபிரேமில் 0.06 சதவீதம்தான். கப்பல் வழுக்கும் தன்மையே போய்விடும். "ஃபிரேமுக்கு 1 சதவீத வாய்ப்பு" என்ற வரியும் அப்படித்தான்: ஒரு நொடிக்குள் நிகழும் வாய்ப்பு 60 ஃபிரேமில் 45 சதவீதம், 144இல் 76 சதவீதம். இப்படிப்பட்ட வரிகள் நிரல் முழுக்கச் சிதறிக் கிடக்கும், ஒவ்வொன்றையும் தேடி மாற்றி முடிப்பதற்குள் புதுப் பிழைகள் நுழைந்திருக்கும்.

சரியான வழி, நிலையான டிக்: ஆட்டத்தின் தர்க்கம் மாறாத இடைவெளியில் ஒவ்வொரு அடியாக நகர்வது. ஆட்டத்தின் தர்க்கத்தை அது பிறந்த வேகத்திலேயே, நொடிக்கு 60 என்றால் 60, 70 என்றால் 70 என்று ஓடவிடுங்கள். கடந்த நேரத்தை ஒரு மாறியில் சேர்த்துக்கொண்டே வந்து, ஒரு டிக்குக்குத் தேவையானது சேர்ந்ததும் தர்க்கத்தை ஒருமுறை ஓட்டி அந்த அளவைக் கழியுங்கள். வரைவது தனியாக நடக்கட்டும். முந்தைய டிக்குக்கும் இப்போதைய டிக்குக்கும் நடுவே இடத்தைக் கணித்து வரைந்தால் எந்தத் திரையிலும் வழவழப்பாக இருக்கும். பழைய 0.95ஐயும் 1 சதவீதத்தையும் தொடவே வேண்டியதில்லை.

இதில் இரண்டு கண்ணிகள் உண்டு. 1000ஐ 60ஆல் முழு எண்ணாக வகுத்தால் 16 மில்லிநொடி வரும். அது நொடிக்கு 62.5 டிக், அதாவது ஆட்டம் 4 சதவீதம் வேகம். நுண்நொடியிலோ, கணினியின் உயர் துல்லியக் கடிகார எண்ணிலோ கணக்கு வையுங்கள். இரண்டாவது, சாளரத்தை நகர்த்தும்போது ஆட்டம் சில நொடி நின்றுவிட்டுத் திரும்பினால் நூற்றுக்கணக்கான டிக் ஒரேயடியாகச் சேர்ந்திருக்கும். ஒரு ஃபிரேமுக்கு ஐந்து டிக்குக்கு மேல் ஓட்டாமல் மீதியைத் தள்ளிவிடுங்கள். இல்லாவிட்டால் மெதுவான கணினி பின்தங்கிய நேரத்தைப் பிடிக்க ஓடி, ஓடியதாலேயே இன்னும் பின்தங்கும்.

அறிகுறி: பவர்-அப் விழுவதே இல்லை

விண்டோஸில் விழுகிறது, லினக்ஸில் மணிக்கணக்கில் ஆடினாலும் விழவில்லை என்றால் சீரற்ற எண் தரும் ரேண்ட் சார்பைப் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் அதன் உச்ச எண் 32,767. லினக்ஸின் சி நூலகமான ஜிலிப்சியில் 2,147,483,647. "ரேண்ட் 300க்குக் கீழ் வந்தால் பவர்-அப்" என்று எழுதியவருக்கு அது ஏறத்தாழ 0.9 சதவீத வாய்ப்பு. ஜிலிப்சியில் ஒரு கோடியில் ஒன்றிரண்டு. ரேண்டை 100ஆல் பெருக்கி 32,767ஆல் வகுக்கும் வரியோ ஜிலிப்சியில் நிரம்பி வழிந்து எதிர்ம எண்ணையும் தரும்; அதை அணியின் சுட்டெண்ணாகப் பயன்படுத்தினால் ஆட்டமே விழும்.

சொந்தமாகச் சிறிய சீரற்ற எண் உருவாக்கி ஒன்றை எழுதிக்கொள்ளுங்கள். எக்ஸார்ஷிஃப்ட் என்ற முறை சில வரிகளில் முடிந்துவிடும். அதில் இரண்டு ஓடைகள் வையுங்கள்: எதிரி, பவர்-அப் போன்ற விதிகளுக்கு ஒன்று, பொறிகளுக்கும் நட்சத்திரப் பின்னணிக்கும் இன்னொன்று. பொறிகளின் எண்ணிக்கையைக் குறைத்தால் எதிரிகளின் வரிசை மாறுகிற அபத்தம் அத்தோடு ஒழியும்.

அறிகுறி: ராஸ்பெர்ரி பையில் எதிரிகள் எல்லாம் வலப்பக்கமே ஓடுகிறார்கள்

திசையை ஒரு பைட் கேர் மாறியில், இடத்துக்கு −1, வலத்துக்கு 1 என்று வைத்திருப்பார்கள். வழக்கமான கணினிகளின் எக்ஸ்86 செயலியில் கேர் குறியுள்ளது, அதாவது எதிர்ம எண்ணையும் தாங்கும். ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியில் இருப்பது ஏஆர்எம் செயலி; ஏஆர்எம் லினக்ஸில் கேர் குறியற்றது, −1 என்பது 255 ஆகிவிடும். கோப்பைப் படிக்கும்போது முடிவுக் குறியான −1ஐ ஒரு கேருக்குள் வாங்கி ஒப்பிட்டிருந்தால் இதே காரணத்தால் லெவல் ஏற்றம் முடியாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். குறியுள்ள கேர் என்று கம்பைலரிடம் சொல்லும் ஃபிளாக் உடனடி நிவாரணம். மாறிகளை இன்ட்8 வகைக்கு மாற்றுவதே தீர்வு. ஆப்பிளின் ஏஆர்எம் கணினிகளில் கேர் குறியுள்ளதாகவே இருப்பதால் அங்கே சோதித்துவிட்டு நிம்மதி அடைய வேண்டாம்.

அறிகுறி: சிலருடைய கணினியில் மட்டும் கப்பல் நகரவே மறுக்கிறது

புகார் சொல்பவரின் கணினி ஜெர்மன் அல்லது பிரெஞ்சு மொழி அமைப்பில் இருக்கிறதா என்று கேளுங்கள். அங்கே தசமக் குறி புள்ளியல்ல, காற்புள்ளி. தரவுக் கோப்பில் உள்ள 0.75ஐ, எழுத்துகளை எண்ணாக மாற்றும் ஏடிஓஎஃப் சார்பு புள்ளியோடு நிறுத்தி 0 என்று படித்துவிடும், 1.5 என்பது 1 ஆகும். சி நிரல் தொடங்கும்போது இந்தச் சிக்கல் இல்லை. மொழி அமைப்பை மாற்றும் செட்லோக்கேலை யாராவது அழைத்த பிறகே வருகிறது. சாளரங்களை வரையும் ஜிடிகே போன்ற நூலகம் உங்களைக் கேட்காமலே அழைத்திருக்கலாம். எண் வடிவத்தை மட்டும் சி அமைப்புக்குத் திருப்பிவிடுங்கள். அமைப்புக் கோப்பை எழுதும் இடத்தையும் பாருங்கள். அங்கே 0,75 என்று எழுதி வைத்திருந்தால் அடுத்த முறை யாராலும் படிக்க முடியாது.

அறிகுறி: குண்டு எதிரியை ஊடுருவிப் போய்விடுகிறது

"இந்த லேசர் பலவீனம்" என்று வரும் புகாருக்கு முதலில் இங்கே வாருங்கள்.

எதிரியின் உயரம் 12 பிக்சல், குண்டின் நீளம் 4, குண்டின் வேகம் டிக்குக்கு 20 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று படியக்கூடிய இடம் மொத்தம் 16 பிக்சல்தான், குண்டோ 20 தாண்டுகிறது. ஐந்தில் ஒன்று படாமலேயே போகும். எதிரி டிக்குக்கு 4 பிக்சல் கீழே இறங்கி வந்தால் சார்பு வேகம் 24. மூன்றில் ஒன்று தவறும். வேகமான எதிரிகளை அடிப்பது கடினம் என்று ஆட்டக்காரர்கள் சொல்வதற்குக் காரணம் அவர்கள் கையல்ல.

குண்டின் முந்தைய இடத்திலிருந்து இப்போதைய இடம்வரை ஒரு கோடாகக் கொண்டு மோதலைப் பாருங்கள். எதிரியும் நகர்கிறது என்பதால் சார்பு நகர்வைக் கொண்டே கோட்டை வரைய வேண்டும். பாதையில் பலர் இருந்தால் முதலில் தொடப்படுபவரே அடிவாங்க வேண்டும். பட்டியலில் முதலில் இருப்பவர் அல்ல.

இங்கேதான் பிழையும் சமநிலையும் பின்னிக்கொள்கின்றன. நின்ற எதிரிமீது 80 சதவீதம் பட்டது இனி முழுதும் படும், ஆயுதத்தின் பலம் 25 சதவீதம் கூடிவிட்டது. இறங்கி வரும் எதிரிமீது அது 50 சதவீதம் கூடிவிட்டது. ஒரு வரி எண்ணையும் மாற்றாமலே ஆட்டத்தை எளிதாக்கிவிட்டீர்கள். அந்த ஆயுதத்தின் சேதத்தையோ எதிரியின் உயிரையோ அதே கமிட் தொகுப்பில் ஈடுசெய்யுங்கள், காரணத்தையும் கமிட் செய்தியில் எழுதுங்கள். ஐந்தாண்டு கழித்து வருபவர் அந்த விசித்திரமான எண்ணைப் பார்த்து "திருத்தாமல்" இருக்க அது ஒன்றே காவல்.

அறிகுறி: தேடிச் செல்லும் ஏவுகணை நடுவழியில் வேறொரு எதிரியிடம் திரும்புகிறது, எப்போதாவது ஆட்டமும் விழுகிறது

இரண்டும் ஒரே நோய். ஏவுகணை தன் இலக்கின் நினைவக முகவரியை வைத்திருக்கிறது. இலக்கு வேறொரு குண்டுக்கு இரையாகி அழிக்கப்படுகிறது. அந்த முகவரியில் புதிதாகப் பிறந்த எதிரி அமர்ந்துகொண்டால் ஏவுகணை அவரை நோக்கித் திரும்பும். காலியாக இருந்தால் குப்பையைப் படிக்கும். பட்டியலில் நடந்துகொண்டே உறுப்பை அழித்துவிட்டு, அழித்ததிடமே "அடுத்தது யார்" என்று கேட்கும் வளையங்களும் இதே ரகம்.

அட்ரஸ் சானிடைசரோடு கம்பைல் செய்து ஆடுங்கள். எந்த வரியில் விடுவிக்கப்பட்ட நினைவகம் எந்த வரியில் படிக்கப்பட்டது என்று இரண்டையும் காட்டிவிடும். தீர்வாக, எதிரிகளை ஓர் அணியில் வைத்து, முகவரிக்குப் பதில் இட எண்ணும் தலைமுறை எண்ணும் சேர்ந்த கைப்பிடியைக் கொடுங்கள். இடம் மறுபயன்பாட்டுக்கு வரும்போது தலைமுறை எண் ஒன்று கூடும், பழைய கைப்பிடி செல்லாததாகிவிடும். இறந்தவர்களை உடனே அழிக்காமல் குறியிட்டு வைத்து, டிக்கின் முடிவில் ஒரே இடத்தில் அகற்றுங்கள்.

அறிகுறி: பழைய சேவ் கோப்பு 64 பிட்டில் திறக்கவில்லை

ஸ்ட்ரக்டை (பல புலங்கள் சேர்ந்த தொகுப்பை) அப்படியே கோப்பில் கொட்டியிருக்கிறார்கள். அதற்குள் இருக்கும் லாங் 32 பிட் லினக்ஸில் 4 பைட், 64 பிட் லினக்ஸில் 8, 64 பிட் விண்டோஸில் மறுபடி 4. புலம் புலமாக, நிலையான அளவில், பைட் வரிசையையும் முடிவுசெய்து எழுதுங்கள். தொடக்கத்தில் பதிப்பு எண் ஒன்று இருக்கட்டும். பழைய வடிவத்தைப் படிக்கும் சார்பைத் தனியே வைத்திருங்கள். பத்தாண்டு முந்தைய சாதனைப் பட்டியலை ஒருவர் இன்னும் பத்திரமாக வைத்திருப்பார், அதை மதிக்க வேண்டும்.

அறிகுறி: ரீப்ளே பாதியில் விலகிப் போகிறது

விசை அழுத்தங்களை மட்டும் பதிவுசெய்யும் ரீப்ளேவுக்கு ஒவ்வொரு டிக்கும் எல்லாக் கணினியிலும் பிட் பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய 32 பிட் நிரல் எக்ஸ்87 என்ற பழைய கணக்குப் பகுதியின் 80 பிட் துல்லியத்தில் கணக்கிட்டது. 64 பிட்டில் எஸ்எஸ்இ2 என்ற புதிய பகுதி கணக்கிடுகிறது. 64 பிட் ஏஆர்எம்மில் பெருக்கலையும் கூட்டலையும் ஒரே கட்டளையாக ஜிசிசி இணைத்துவிடும், கடைசிப் பிட் மாறும். சைன் சார்பின் விடையும் நூலகத்துக்கு நூலகம் சற்றே வேறுபடலாம்.

ஊகிக்க வேண்டாம். ஒவ்வொரு டிக்கின் முடிவிலும் எல்லாப் பொருள்களின் நிலைக்கும் ஒரு செக்சம் (எல்லாவற்றையும் சுருக்கிச் சொல்லும் ஓர் எண்) எடுத்து எழுதவிட்டு, இரண்டு கணினிகளின் பட்டியலையும் ஒப்பிடுங்கள். முதலில் வேறுபடும் டிக் எதுவோ அங்கே பிழை. துல்லியத்தை விட்டு வேகத்தைப் பார்க்கும் ஃபாஸ்ட்-மேத் ஃபிளாக்கை நீக்குவது, கட்டளை இணைப்பை நிறுத்துவது, சைனுக்கு அட்டவணை வைப்பது ஆகியவை பெரும்பாலும் போதும். போதாவிட்டால் நகர்வை 16.16 நிலைப்புள்ளி எண்ணுக்கு (முழுப் பகுதிக்கு 16 பிட், பின்னத்துக்கு 16 பிட்) மாற்றுங்கள். சுடும் ஆட்டத்துக்கு அந்தத் துல்லியம் தாராளம்.

அறிகுறி: ஒலி தாமதமாக வருகிறது

பஃபர் (ஒலி மாதிரிகளைச் சேர்த்துவைக்கும் இடம்) அளவைப் பாருங்கள். 22,050 ஹெர்ட்ஸில் 4096 மாதிரி என்றால் 186 மில்லிநொடி. 44,100இல் 512 என்றால் 12.

அறிகுறி: சுடும் வேகத்தைக் கூட்டும் பவர்-அப் எடுத்தும் வித்தியாசமே தெரியவில்லை

நொடிக்கு 60 டிக்கில், 100 மில்லிநொடி இடைவெளி ஆறு டிக். பவர்-அப் அதை 90 ஆக்குகிறது: 5.4 டிக், மேல்நோக்கி ஆறாகிறது. அடுத்த பவர்-அப் 84: அதுவும் ஆறு. மூன்றாவதில் 83ஐத் தொட்டால்தான் ஐந்து. ஆட்டக்காரர் இரண்டு பவர்-அப்பை வீணாக எடுத்திருக்கிறார்.

சுட்டதும் காத்திருப்பை 90 என்று வைக்காமல், மிச்சத்தோடு 90ஐக் கூட்டுங்கள். டிக்குகள் சில முறை ஐந்தும் சில முறை ஆறுமாகி, சராசரி நொடிக்கு 11.1 குண்டு வரும். பொத்தானை விட்டிருக்கும்போது மட்டும் காத்திருப்பு பூஜ்யத்துக்குக் கீழே போகக் கூடாது; போனால் அடுத்த அழுத்தலில் குண்டுகள் கொத்தாகக் கொட்டும்.

அறிகுறி: எல்லாரும் ஒரே ஆயுதத்தையே எடுக்கிறார்கள்

மேலே உள்ளவை எல்லாம் முடிந்த பிறகும் இது மிஞ்சினால், இப்போது எண்களுக்கு வரலாம். சேதத்தைச் சுடும் வேகத்தால் பெருக்கிப் பட்டியல் போட்டால் ஏமாறுவீர்கள். மூன்று திசையில் விரியும் குண்டு தூரத்தில் ஒன்றுதான் படும், பாஸின் முகத்துக்கு அருகே போனால் மூன்றும் படும். எத்தனை குண்டு சுடப்பட்டது, எத்தனை பட்டது என்று ஆயுதவாரியாக எண்ணும் வசதியை நிரலில் சேருங்கள். தர்க்கத்தையும் வரைவதையும் முன்பே பிரித்துவிட்டதால் திரையே இல்லாமல் ஆட்டத்தை ஓட்டலாம்; குண்டை விட்டு விலகி, நேரே இருப்பவரைச் சுடும் எளிய தானியங்கி ஒன்று போதும், ஓர் இரவில் ஆயிரக்கணக்கான ஆட்டங்கள் ஆடிவிடும். அது மனிதரைப் போல ஆடாது. ஆனாலும் நேற்றைய எண்ணுக்கும் இன்றைய எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தை நேர்மையாகச் சொல்லும்.

எண்களை நிரலிலிருந்து பிடுங்கித் தரவுக் கோப்பில் போடுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், அதையும் முதலில் துணிந்து இரட்டிப்பாகவோ பாதியாகவோ. 5 சதவீதம் மாற்றிப் பார்த்தால் அந்த எண்ணுக்கு ஏதாவது வேலை இருக்கிறதா என்பதே தெரியாது. வலுவான ஆயுதத்தைக் குறைப்பதைவிட மற்றவற்றுக்கு ஆளுக்கொரு வேலை கொடுப்பதையே நான் விரும்புகிறேன்: ஒன்று கூட்டத்துக்கு, ஒன்று கவசத்துக்கு, ஒன்று ஓடுபவர்களுக்கு.

அறிகுறி: ஒருமுறை செத்தால் மீளவே முடியவில்லை

கொனாமியின் 1985ஆம் ஆண்டு கிரேடியஸ் ஆட்டத்தின் காலத்திலிருந்தே இந்த வகைக்கு உள்ள நோய். செத்ததும் பவர்-அப் எல்லாம் போகும், எதிரிகளோ முழுப் பலத்தோடு அதே இடத்தில் காத்திருப்பார்கள். நன்றாக ஆடுபவருக்கு ஆட்டம் எளிதாகவும் தடுமாறுபவருக்குக் கொடுமையாகவும் ஆகும். ஒரு படி மட்டும் இறக்குங்கள், அல்லது திரும்பி எழும் இடத்தில் இரண்டு பவர்-அப்பை உறுதியாக வையுங்கள். எதிரிகளின் மூர்க்கத்தை ஆடுபவரின் ஆட்டத்துக்கேற்ப ஏற்றி இறக்கும் வழியும் உண்டு. கம்பைல் நிறுவனத்தின் ஸனாக் 1986லேயே அதைச் செய்தது. ஆனால் அது எல்லா எண்ணையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போட்டுவிடும். பழைய நிரலில் அதைப் புதிதாக நுழைக்க நான் சொல்ல மாட்டேன்.

அறிகுறி: எதையும் மாற்றவில்லை, ஆனாலும் பழைய ஆட்டக்காரர்கள் கடினமாகிவிட்டது என்கிறார்கள்

அவர்கள் சொல்வதை நம்புங்கள். அன்றைய கணினியில் திரை முழுக்கக் குண்டு நிறைந்தபோது ஒரு ஃபிரேம் வரையவே நேரம் போதவில்லை, ஆட்டம் மெதுவானது. மிக நெருக்கடியான அந்த நொடிகளில்தான் விலகிக்கொள்ள அவகாசம் கிடைத்தது. யாரும் திட்டமிட்டு வைத்ததல்ல. ஆனால் எதிரிகளை அமைத்தவர் அந்தக் கணினியில் ஆடிப் பார்த்துத்தான் அமைத்தார். இன்றைய கணினி ஒருபோதும் தளராது.

டாஸ்பாக்ஸில், கணினியின் வேகத்தை முடிவுசெய்யும் சைக்கிள் எண்ணை அந்தக் காலக் கணினிக்கு இணையாகக் குறைத்து ஓட்டி, எத்தனை குண்டுக்கு மேல் போனால் வேகம் எவ்வளவு குறைகிறது என்று அளந்துகொள்ளுங்கள். அதை ஒரு விதியாக எழுதுங்கள்: குண்டுகளின் எண்ணிக்கை இந்த எல்லையைத் தாண்டினால் ஒரு டிக்கின் நீளம் இவ்வளவு கூடும். கணினியின் வேகத்தைச் சாராமல் டிக் எண்ணிக்கையில் நடப்பதால் ரீப்ளேவும் கெடாது.

மூல எண்களும் இந்தத் தளர்ச்சி விதியும் சேர்ந்தது ஒரு விதித்தொகுப்பு, நீங்கள் திருத்திய எண்கள் இன்னொன்று. இரண்டையும் பெயரிட்டு ஆட்டத்திலேயே தேர்ந்தெடுக்கும்படி வையுங்கள். சேவ் கோப்பிலும் ரீப்ளேயிலும் விதித்தொகுப்பின் பெயரைப் பதியுங்கள், சாதனைப் பட்டியலை இரண்டுக்கும் தனித்தனியாகப் பிரியுங்கள்.